சந்தைப் பலகை

பங்குனி மாதம். ஞாயிற்றுக்கிழமை. பொழுது இன்னும் நன்றாக விடியவில்லை. குமுளி பேருந்து நிறுத்தத்தில் அத்தையும் மருமகளும் நின்றார்கள். ஆளுக்கு இரண்டு பைகள் வைத்திருந்தார்கள்.

இருவரும் ஏலத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். களை எடுப்பு, காய் எடுப்பு என்று வேலை மாறும். ஆனால் வேலை நேரம் மாறாது. வாரத்தில் ஆறு நாள் தோட்டத்துக்குப் போய்விடும். ஞாயிறு ஒரு நாள்தான் வீட்டு வேலைக்குக் கிடைக்கும்.

"எதுக்கு அத்தை கம்பத்துக்குப் போகணும்? காய் இங்கேயே கடையில கிடைக்குதே" என்றாள் மருமகள்.

"கிடைக்குது தாயி. ஆனா அந்தக் காய் எங்கேயிருந்து வருது? அதைப் பார்த்துட்டு வருவோம் வா" என்றாள் அத்தை.

அத்தைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சிறு வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். கூட்டல், கழித்தல் கணக்கும் போடுகிறாள். கற்றதைச் சந்தையில் பயன்படுத்திப் பார்க்க அவளுக்கு ஆசை.

மேலே தண்ணீர், கீழே காய்கறி

குமுளி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் தேனி மாவட்டம். கடைத்தெருவில் மலையாளமும் தமிழும் கலந்தே கேட்கும்.

குமுளியைச் சுற்றி ஏலம், மிளகு, காப்பி, தேயிலை விளைகின்றன. இவை பணப்பயிர்கள். விற்றால் காசு வரும். ஆனால் குழம்பில் போட முடியாது. அன்றாடச் சமையலுக்கு வேண்டிய காய்கறிகளில் பெரும்பங்கு மலைக்குக் கீழேயிருந்து வருகிறது.

கீழே இருப்பது கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது. பென்னிகுயிக் என்ற பொறியாளர் கட்டிய அணை அது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. அந்தத் தண்ணீரில் நெல், வாழை, தென்னை, திராட்சை, காய்கறி விளைகின்றன.

மேலேயிருந்து தண்ணீர் கீழே போகிறது. கீழேயிருந்து காய்கறி மேலே வருகிறது. இரண்டு மாநில மக்களின் சாப்பாடும் இப்படித்தான் பிணைந்திருக்கிறது.

பேருந்து மலைப்பாதையில் வளைந்து இறங்கியது. லோயர் கேம்ப் வந்தது. கூடலூர் வந்தது. பிறகு கம்பம் வந்தது. இருவரும் உழவர் சந்தைக்கு நடந்தார்கள்.

சந்தை வாசலில் ஒரு பலகை

வாசலில் ஒரு பெரிய பலகை இருந்தது. அதில் காய்களின் பெயரும் அன்றைய விலையும் எழுதியிருந்தன. அத்தை அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

"தக்-கா-ளி... இருபத்தஞ்சு. கத்-த-ரி... முப்பது. மு-ருங்-கை... நாப்பது."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது.

"அத்தை, இது யார் போட்ட விலை?"

பக்கத்தில் தக்காளி வைத்திருந்த விவசாயி பதில் சொன்னார். "கடைக்காரர் போட்ட விலை இல்லம்மா. தினமும் காலையில அதிகாரிகளும் விவசாயிகளும் பேசி முடிவு பண்றது. பலகையில இருக்கிறதுக்கு மேல இங்கே யாரும் வாங்கக் கூடாது."

விலை முடிவு செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது. மொத்தச் சந்தையின் விலையைப் பார்ப்பார்கள். அதைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாக வைப்பார்கள். அது வெளியில் உள்ள சில்லறைக் கடை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும். விற்கிறவருக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம் என்பதுதான் இந்த முறையின் நோக்கம்.

உழவர் சந்தை வந்த கதை

உழவர் சந்தை தமிழ்நாட்டில் 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் தொடங்கியது. முதல் சந்தை மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் மு. கருணாநிதி.

இப்படி நேரடியாக விற்கும் சந்தை இந்தியாவில் அதற்கு முன்பும் இருந்தது. பஞ்சாபில் 1987-ல் 'அப்னி மண்டி' தொடங்கியது. 'நம்முடைய சந்தை' என்பது அதன் பொருள். ஆந்திராவில் 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' தொடங்கியது. 'விவசாயிகளின் சந்தை' என்பது அதன் பொருள். இன்று தமிழ்நாட்டில் 180-க்கும் மேற்பட்ட உழவர் சந்தைகள் இருக்கின்றன.

உழவர் சந்தையில் யார் வேண்டுமானாலும் கடை போட முடியாது. சொந்தமாகப் பயிர் செய்கிறவர்கள்தான் விற்கலாம். அதிகாரிகள் தோட்டத்தைப் பார்த்து, உறுதி செய்து, புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை தருவார்கள். கடைக்கு வாடகை கிடையாது. தராசும் சந்தையிலேயே கிடைக்கும். இடைத்தரகர் கிடையாது. கமிஷன் கிடையாது.

வாங்குகிறவர் விரும்பினால், "அட்டை இருக்கா அண்ணே?" என்று கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. உண்மையான விவசாயி கோபப்பட மாட்டார். வியாபாரிகள் உள்ளே நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது மக்களின் கையிலும் இருக்கிறது.

ஒரு கிலோ தக்காளியின் கணக்கு

விவசாயி தக்காளியை நிறுத்துக்கொண்டே பேசினார்.

"போன வருஷம் இதே மாசம் விலை விழுந்துபோச்சும்மா. பறிக்கிற கூலிக்கே கட்டலை. பாதியைச் செடியிலேயே விட்டுட்டேன்."

"அய்யய்யோ! அங்கே மேல நாங்க காசு குடுத்துத்தானே வாங்கினோம்?" என்றாள் மருமகள்.

அவள் கேட்டது நல்ல கேள்வி. தோட்டத்தில் விலை விழுந்தாலும் கடையில் அதே அளவு விழுவதில்லை. இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2024-ல் இதைக் கணக்கிட்டார்கள். தக்காளிக்கு மக்கள் 100 ரூபாய் கொடுத்தால் விவசாயியின் கைக்குப் போவது சுமார் 33 ரூபாய். வெங்காயத்தில் சுமார் 36 ரூபாய். உருளைக்கிழங்கில் சுமார் 37 ரூபாய்.

மீதிப் பணம் எங்கே போகிறது? சுமைகூலி, லாரி வாடகை, கமிஷன், அழுகும் காய், கடை வாடகை, வியாபாரிகளின் லாபம் என்று பிரிந்து போகிறது. வழியில் இருப்பவர்களும் வேலை செய்கிறார்கள். ஆனால் வழி நீள நீள, விவசாயியின் பங்கு சுருங்குகிறது.

இதை ஒரு சிறு கணக்காகப் பார்க்கலாம். விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

மொத்தச் சந்தையில் ஒரு கிலோ தக்காளி 20 ரூபாய். அதில் கமிஷன் 2 ரூபாய் போகிறது. விவசாயியின் கையில் 18 ரூபாய்.

சில்லறைக் கடையில் அதே தக்காளி 30 ரூபாய்.

உழவர் சந்தையில் 25 ரூபாய். விவசாயிக்குக் கிலோவுக்கு 7 ரூபாய் கூடுதல். வாங்குகிறவருக்குக் கிலோவுக்கு 5 ரூபாய் மிச்சம்.

ஒன்றை மறக்கக் கூடாது. மொத்தச் சந்தையில் விலை விழுந்தால் உழவர் சந்தையிலும் விழும். விவசாயி கொண்டுவரும் எல்லாக் காயும் இங்கே விற்றுவிடாது. காய் கொண்டுவரும் செலவும் உட்கார்ந்து விற்கும் நேரமும் அவருடையவை. ஆனாலும் விற்ற காய்க்கு உரிய பணம் அன்றே, முழுதாக, அவர் கைக்கு வருகிறது. வாங்குகிறவர்கள் கூடினால்தான் செடியில் விடும் தக்காளி குறையும்.

விலை குறைந்த காய் மட்டமான காயா?

"விலை கம்மியா இருக்கே, காய் நல்லா இருக்குமா?" என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"பருவத்துக் காய்தான் தாயி விலை கம்மியா இருக்கும். நல்லாவும் இருக்கும்" என்றாள் அத்தை.

ஒவ்வொரு காய்க்கும் ஒரு காலம் உண்டு. அந்தக் காலத்தில் செடி நன்றாகக் காய்க்கும். வரத்து கூடும். வரத்து கூடினால் விலை குறையும். காய் தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. பல நாள் அடைத்து வைக்க வேண்டியதும் இல்லை. அதனால் பருவக் காய் புதியதாக இருக்கும், மலிவாகவும் இருக்கும்.

காலம் தவறினால் என்ன ஆகும்? 2023 ஜூலையில் நாடு முழுவதும் தக்காளி விலை ஏறியது. மழையாலும் வெயிலாலும் நோயாலும் பல இடங்களில் விளைச்சல் கெட்டது. பல நகரங்களில் ஒரு கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்போது தமிழ்நாடு அரசு சென்னையில் நியாய விலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அந்த மாதிரி நாளில் புளி போட்டுக் குழம்பு வைக்கத் தெரிந்தவர்கள் சமாளித்தார்கள்.

எந்தக் காலத்தில் எது கிடைக்கும் என்று தெரிந்து வைத்தால் கைக்காசு மிஞ்சும்.

தை மாதம்: மொச்சை, அவரை, பனங்கிழங்கு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

பங்குனி முதல்: முருங்கைக்காய் பெருகும். மார்கழியில் இதே முருங்கைக்காய் அரிதாகும், விலை ஏறும். அப்போது முருங்கைக் கீரை கைகொடுக்கும்.

சித்திரை முதல் ஆனி வரை: மாங்காய், மாம்பழம், பலா, வெள்ளரி.

ஐப்பசி, கார்த்திகை: அடைமழையில் தக்காளியும் கத்தரியும் அழுகும், விலை ஏறும். பூசணி, கிழங்கு போன்றவை தாங்கும்.

திருவிழாவும் விலையை மாற்றும். ஆவணியில் ஓணம் வருகிறது. ஓணத்துக்கு முன் மலையேறும் காய்கறிக்குத் தேவை கூடும், விலையும் கூடும். கெடாத பூசணியையும் சேனையையும் சில நாள் முன்பே வாங்கி வைப்பது நல்லது.

திராட்சை மட்டும் விதிவிலக்கு. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை அறுவடை நடக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. இந்தப் பெயரில் இந்த வட்டாரத்துப் பழத்தைத்தான் விற்கலாம் என்று அதற்குப் பொருள்.

நல்ல காயைக் கண்டுபிடிப்பது எப்படி?

அத்தை ஒவ்வொரு காயாகக் கையில் எடுத்துக் காட்டினாள்.

வெண்டைக்காய்: நுனியை ஒடித்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் முற்றல். ஆனால் கடைக்காரரின் காயை எல்லாம் ஒடித்துப் போடக் கூடாது. ஒன்று போதும்.

கத்தரிக்காய்: தோல் பளபளப்பாக இருக்க வேண்டும். காம்பு பச்சையாக இருக்க வேண்டும். ஓட்டை இருந்தால் உள்ளே புழு இருக்கலாம்.

முருங்கைக்காய்: லேசாக முறுக்கிப் பார்த்தால் வளைந்து கொடுக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் முற்றல்.

பீன்ஸ்: நரம்பு தடித்து, விதை புடைத்திருந்தால் முற்றல்.

கீரை: இலை வாடாமல், வேர் ஈரமாக இருக்க வேண்டும். கீரையை அன்றன்றைக்கு வாங்குவது நல்லது. வாட வாட அதன் சத்தும் குறைகிறது.

எடையையும் பார்க்க வேண்டும். காய் வைப்பதற்கு முன் தராசின் எண் பூச்சியத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டுத் தராசாக இருந்தால் முள் நடுவில் நிற்க வேண்டும். எடைக்கல்லில் அரசு முத்திரை இருக்க வேண்டும்.

மருந்து அடித்தது எப்போது?

மருமகள் விவசாயியிடம் கேட்டாள். "அண்ணே, காய்க்கு மருந்து அடிச்சீங்களா?"

"அடிச்சேன்மா. பொய் சொல்ல மாட்டேன். அடிச்சுப் பத்து நாளுக்கு மேல ஆச்சு. டப்பாவில எத்தனை நாள் காத்திருக்கணும்னு போட்டிருக்கும். அந்த நாள் கழிச்சுத்தான் பறிப்போம்."

இந்தக் கேள்வி முக்கியமானது. தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் பூச்சிமருந்து தங்கியிருக்கிறது என்று 2015-ல் கேரளத்தில் பெரிய விவாதம் எழுந்தது. எல்லையில் கட்டுப்பாடு வேண்டும் என்று பேசினார்கள். மருந்தின் மீதியைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆய்வுக்கூடத்தில்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஆனால் விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருந்தால் கேட்க முடியும். கேட்கிறவர்கள் கூடக்கூட, விவசாயியும் கவனமாக இருப்பார். வீட்டுக்கு வந்ததும் காய்களை உப்பு அல்லது புளி கரைத்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். இதனால் மேலே ஒட்டியுள்ள மருந்தும் அழுக்கும் குறையும். காய்க்குள் இறங்கிய மருந்து போகாது. அதனால்தான் காத்திருக்கும் நாள் முக்கியம்.

அத்தை போட்ட கணக்கு

ஒருவர் ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சாப்பிட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ 600 கிராம். ஒரு வாரத்துக்கு 11 கிலோவுக்கு மேல் வேண்டும்.

பல வீடுகளில் இதில் பாதிகூட வாங்குவதில்லை. ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, மிச்சம் இருந்தால்தான் பெண்களின் தட்டுக்குக் காய் வருகிறது. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. நூறு பெண்களில் ஐம்பத்தேழு பேர். கீரை, பயறு, முருங்கை இலை, அவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துச் சாப்பிடுவது இரத்தசோகைக்கு எதிரான உணவு. மலிவாகக் காய் வாங்குவது காசு மிச்சம் பிடிக்க மட்டும் அல்ல. எல்லாருடைய தட்டிலும் காய் இருப்பதற்காகவும்தான்.

திரும்பும் பேருந்தில் அத்தை விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்.

"பத்துக் கிலோ வாங்கினோம். கிலோவுக்கு அஞ்சு ரூபா மிச்சம்னா அம்பது ரூபா. நாம ரெண்டு பேர் வந்து போக பஸ்ஸுக்கு எம்பது ரூபா ஆச்சு."

மருமகள் திடுக்கிட்டாள். "அப்போ முப்பது ரூபா நட்டம்!"

"ஆமா தாயி, நட்டம்தான். நல்ல காய் கிடைச்சுது. ஆனா காசு கணக்குல நட்டம். அடுத்த வாரம் வேற மாதிரி செய்வோம்."

வீட்டுக்கு வந்ததும் அத்தை பக்கத்து வீடுகளில் பேசினாள். மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். என்ன காய், எத்தனை கிலோ என்று அத்தையே ஒரு தாளில் எழுதினாள்.

நான்கு வீட்டுக்கு 40 கிலோ. கிலோவுக்கு 5 ரூபாய் மிச்சம் என்றால் 200 ரூபாய். இரண்டு பேருக்குப் பேருந்துச் செலவு 80 ரூபாய் போனால் மிச்சம் 120 ரூபாய். வீட்டுக்கு 30 ரூபாய். தனியாகப் போனபோது நட்டமாக இருந்தது, சேர்ந்து வாங்கியபோது லாபமாக மாறியது. அடுத்த வாரம் வேறு வீட்டிலிருந்து இரண்டு பேர் போகலாம். முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கே சுமை விழாது.

மலை மேலேயும் இருக்கிறது

எல்லாவற்றுக்கும் மலை இறங்க வேண்டியதில்லை. இடுக்கி மலையில் கோடைக்காலத்தில் பலா ஏராளமாகக் காய்க்கிறது. கேரள அரசு 2018-ல் பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. ஆனாலும் பல பழங்கள் மரத்தடியிலேயே விழுந்து அழுகுகின்றன. பலாக்காயைப் பொரியல் செய்யலாம். கொட்டையைக் குழம்பில் போடலாம். பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். மரவள்ளிக் கிழங்கும் சேம்பும் வாழையும் பக்கத்துத் தோட்டங்களிலேயே கிடைக்கின்றன.

கேரளத்தில் 1998-ல் குடும்பஸ்ரீ இயக்கம் தொடங்கியது. அதில் சேர்ந்த பெண்கள் குழுவாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிடுகிறார்கள். ஓணச் சந்தைகளில் தாங்களே விற்கிறார்கள். அவர்களிடம் வாங்கினால் பேருந்துச் செலவும் இல்லை.

அன்று இரவு அத்தை வீட்டில் முருங்கைக்காய் சாம்பார், கீரைக் கூட்டு. பரிமாறும்போது மருமகள் தன் தட்டைக் கடைசியில் வைத்தாள். அத்தை அந்தத் தட்டை இழுத்து முன்னால் வைத்தாள். கீரையை நிறையப் போட்டாள்.

"பலகையைப் படிச்சது எதுக்கு? முதல்ல நீ சாப்பிடு தாயி" என்றாள்.

புதிய சொற்கள்

வரத்து: சந்தைக்கு வந்து சேரும் பொருளின் அளவு.
இடைத்தரகர்: விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் இருப்பவர்.
சதவீதம்: நூற்றில் இத்தனை பங்கு என்று சொல்லும் கணக்கு.
இரத்தசோகை: இரத்தத்தில் சிவப்பணுச் சத்து குறைந்து உடல் சோர்ந்துபோவது.

விடை சொல்லுங்கள்

1. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை எங்கே, எந்த ஆண்டில் திறக்கப்பட்டது?
2. பருவத்துக் காய் ஏன் விலை குறைவாக இருக்கிறது?
3. உழவர் சந்தையில் யார் விற்கலாம்? அதை எப்படி உறுதி செய்துகொள்வது?
4. அத்தைக்கு முதல் வாரம் ஏன் நட்டம் வந்தது? அதை எப்படிச் சரிசெய்தாள்?
5. உங்கள் வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள்? அவர் தட்டில் காய் இருக்கிறதா?

செய்து பாருங்கள்

இந்த வாரம் நீங்கள் வாங்கிய ஐந்து காய்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் விலையை எழுதுங்கள். அந்தக் காய் எந்த ஊரில் விளைந்தது என்று விற்பவரிடம் கேட்டு எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அதே காய்களின் விலையை மீண்டும் எழுதுங்கள். எது ஏறியது, எது இறங்கியது, ஏன் என்று வகுப்பில் பேசுங்கள்.